மலிவு டொமஹாக்கை நம்ம மலைக்குத் தோதாக மாற்றுவது: கவ்வாத்துக் கத்தி போதாதா?

7 ஜனவரி 2023, பண்டாரவளையிலிருந்து ஒரு கேள்வி

அண்ணே, கூடாரம் அடிக்கப் போகிற ஆட்கள் எல்லாம் இப்போது டொமஹாக், டொமஹாக் என்கிறார்கள், அந்தச் சின்னக் கைக்கோடாலிதான். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மலிவானதுதான், கறுப்புப் பெயின்ட் அடித்தது, தலை லொட லொட என்று ஆடுகிறது. அப்பாவுடைய கவ்வாத்துக் கத்தியை, தேயிலைச் செடி கத்தரிக்கிற வளைந்த கத்தியை, கொண்டுபோனால் போதாதா? இதற்குப் பின்னால் காசும் நேரமும் போடுவது வீண் என்று நினைக்கிறேன். வீண் இல்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள்.

8 ஜனவரி 2023

தம்பி, கட்டைவிரல் தடிப்புக்கு உட்பட்ட எதை வெட்டவும் கவ்வாத்துக் கத்தியை மிஞ்ச ஒன்றும் இல்லை, அதில் எனக்குச் சண்டை கிடையாது. எங்கள் அப்பா முப்பது வருசத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர், ஒரே இழுப்பில் சாய்வாக வெட்டுவார், வெட்டின இடத்தில் தண்ணீர் நிற்காது. ஆனால் மலையில் ராத்தங்கப் போகிறவனுக்கு வெட்டுகிற வேலை கொஞ்சம்தான், பிளக்கிற வேலைதான் அதிகம். அட்டன் பக்கம் மழை பிடித்தால் கிடைக்கிற விறகெல்லாம் வெளியே ஊறிப்போய் இருக்கும். கை தடிப்புக் கட்டை ஒன்றை நாலாகப் பிளந்தால்தான் உள்ளே காய்ந்த மரம் கிடைக்கும்.

அதைக் கத்தியால் பிளக்கப் போனவன் நான். கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்தேன், நாலாவது அடியில் வளைந்த மூக்குப் பக்கம் ஒரு பல் அளவுக்கு உடைந்துபோனது. அப்பா கத்தியை வாங்கி, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என்னுடைய டொமஹாக் 2021 கடைசியில் சித்தப்பா மகன் கனடாவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தது. தைவானில் அடித்தது. 1055 இரும்பு, அதாவது நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம் கார்பன். தலை அரைக் கிலோவுக்குக் கிட்ட, பிடி 22 அங்குலம், ஹிக்கரி மரம். முன்னால் வெட்டுகிற வாய், பின்னால் சுத்தியல். ஆட்டம் உங்களுடையதைப் போலத்தான். 2022 இல் காஸ் கிடைக்காமல் எல்லா வீட்டிலும் மறுபடி விறகடுப்பு மூட்டினோமே, அந்த மாதங்கள் முழுக்க ஆடிக்கொண்டே அம்மாவுக்கு விறகு பிளந்தது.

8 ஜனவரி, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். சாதாரணக் கோடாலிக்குப் பிடியைக் கீழேயிருந்து ஏற்றி, மேலே ஆப்பு அடிப்போம். டொமஹாக்குக்குப் பிக்காசு மாதிரி, மேலேயிருந்து இறக்குவது. பிடியின் மேல்முனை தடிப்பு, தலையின் கண்ணும், அதாவது பிடி போகிற துளையும், மேலே அகலம் கீழே ஒடுக்கம். வீச வீச இறுகுமே தவிரக் கழன்று பறக்காது. கழற்ற வேண்டும் என்றால் நேராகப் பிடித்து அடிமுனையைக் கல்லில் தட்டினால் தலை கீழே இறங்கிவிடும். தலைகீழாகப் பிடித்துத் தடித்த முனையைத் தட்டினால் இறுகிவிடும். ஆப்பு வேண்டாம், ஆணி வேண்டாம். பிடி உடைந்தால் காட்டோரத்தில் உட்கார்ந்து இன்னொன்று செதுக்கிப் போடலாம். இந்தச் சாமானுக்காக வாதாட என்னிடம் இருப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

ஆடுகிறது என்பதால் கெட்ட சாமான் என்று நினைக்காதீர்கள், பிடி சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

டொமஹாக் என்ற சொல் வட அமெரிக்காவில் வர்ஜீனியாப் பக்கத்துப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதற்குப் பெயர் கனடாக் கோடாலி.

15 ஜனவரி 2023

இன்று பொங்கல், வேலை இல்லை, பிரித்துவிட்டேன்.

முதலில் அந்த ஸ்குரூ. தலையின் பக்கத்தில் அலன் சாவியால் முறுக்குகிற சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும், தலை நழுவாமல் பிடிக்க. நன்றாக உட்கார்ந்த பிடிக்கு அது தேவையே இல்லை. கழற்றினால் மரத்தில் ஒரு குழி தெரியும், பரவாயில்லை. (இந்தப் 'பரவாயில்லை'யை மார்ச்சில் வந்து பாருங்கள்.)

அப்புறம் பெயின்ட். ரிமூவர் பூசி அரை மணி நேரம் விட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கீழே பளபளப்பான இரும்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன், சொறி பிடித்த தோல் மாதிரி இருந்தது. அடித்த அடையாளம், அரைத்த கோடு எல்லாம் அப்படியே. அதை மறைக்கத்தான் பெயின்ட். கண்ணுக்குள்ளே பார்த்தால் ஒரு பக்கம் மெழுகு வடிந்த மாதிரி பெயின்ட் கட்டிப்போயிருந்தது. ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் அது. அரைவட்ட அரத்தால் சுரண்டி எடுத்தேன்.

மீதிப் பாதிக்குப் பொங்கல் பானைதான் உதவியது. பானையின் அடிக்கரியைத் துணியில் தொட்டுக் கண்ணுக்குள் சுற்றிவரப் பூசினேன். பிடியை இறக்கித் தட்டி, திரும்பக் கழற்றினால் இரண்டே இடத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. அந்த இரண்டு மேடும்தான் மற்ற இடத்தைத் தொடவிடாமல் தாங்கிக்கொண்டு இருந்தன. கறுப்பை மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, திரும்பக் கரி, திரும்பத் தட்டு. பதினொரு தடவை. பதினோராவதில் சுற்றிவரக் கறுப்பு வந்தது, ஆட்டம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள், எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. வெள்ளை வேட்டியோடு இந்த வேலைக்கு உட்காராதீர்கள், அம்மா இன்னும் திட்டிக்கொண்டு இருக்கிறார்.

பின்னால் இருக்கிற சுத்தியலை வெட்டி எடுத்துவிட்டால் பாரம் குறையும் என்று ஒரு யோசனை. அடுத்த கிழமை பார்க்கலாம்.

22 ஜனவரி 2023

வாய் தடித்துப்போய் இருந்தது, மெல்லியதாக்க டவுனில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைப் பையன் அரம் போதும் என்றான், நான்தான் கேட்காமல் கிரைண்டரை வாங்கிப் பிடித்தேன். பத்து விநாடி இருக்கும். வாயின் மேல்மூலை மயில் கழுத்து மாதிரி நீலமாகிவிட்டது.

பார்க்க அழகு, ஆனால் அந்த மூலை செத்துப்போனது. தேய்த்துப் பளிச்சென்று இருக்கிற இரும்பைச் சூடாக்கினால் 220 பாகை செல்சியஸுக்குக் கிட்ட வைக்கோல் நிறம் வரும், பிறகு கபிலம், 300 பாகையை நெருங்கும்போது நீலம். நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கி இரும்பு மென்மையாகிவிடும், தீட்டினால் நிற்காது, மடியும். நல்ல இரும்பு வரும்வரை மூன்று மில்லிமீட்டர் அரத்தால் ராவி எடுத்தேன், இரண்டு அந்தி போனது.

அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், அது ஒரு பக்கம்தான் கடிக்கும். வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டு ராவினால் எந்த இடத்தில் கடிக்கிறது என்று தெரியும். முடிந்தபோது முடி சிரைக்கிற அளவுக்குக் கூர், பெருமையாக முழங்கையில் ஒரு திட்டுச் சிரைத்தும் பார்த்தேன்.

சுத்தியலை வெட்டவில்லை. அந்த நீலத்தைப் பார்த்த பிறகு தைரியம் வரவில்லை.

29 ஜனவரி 2023

பெயின்ட் இல்லாத இரும்பை இந்த ஈரத்தில் சும்மா விட்டால் ஒரு ராத்திரியில் சிவந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வினாகிரியில் ஊறப்போடுகிறார்கள், சாம்பல் நிறம் வருகிறது. தேயிலைக்குள்ளே பிறந்துவிட்டு வினாகிரியோடு நிற்கலாமா? வாழைப்பூ நறுக்கின இரும்புக் கத்தி கறுத்துப்போகிறதே, அதே சங்கதிதான். துவர்ப்பு இருக்கிற எதுவும் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. தேயிலைச் சாயத்தில் அது தாராளமாக இருக்கிறது.

நூறு கிராம் டஸ்ட் தேயிலையை ஒரு லீட்டர் தண்ணீரில் போட்டுப் பாதியாகும்வரை கொதிக்கவிட்டேன், குடித்தால் நாக்கு பலகையாகிவிடும். ஆறவிட்டு, வெட்டின போத்தலில் ஊற்றி, தலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி இரவு முழுக்க முக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் ஊதா கலந்த கறுப்பு. இனித் துருவுக்கு வேலை இல்லை.

5 பெப்ரவரி 2023

கடைசி வரி வாபஸ். துரு வந்துவிட்டது, கண்ணின் ஓரத்தில் கடுகு கடுகாக. சாயக் கறுப்பு துருவைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மேலே எண்ணெய் இருக்க வேண்டும்.

நிறமும் திட்டுத் திட்டாக இருந்தது, ஒரு பக்கம் என் கட்டைவிரல் ரேகை அடையாள அட்டைக்கு வைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை முதலில் ஒரு மணி நேரம் வினாகிரியில் போட்டு, கழுவி, கை படாமல் துணியால் பிடித்துச் சாயத்தில் இறக்கினேன், சாயத்திலும் அரைக் கோப்பை வினாகிரி விட்டேன். புளிப்பு முதலில் இரும்பைக் கொஞ்சம் கரைத்துக் கொடுத்தால்தான் துவர்ப்பு ஒழுங்காகப் பிடிக்கிறது. இப்போது ஒரே கறுப்பு. ஆக, வினாகிரியைக் கிண்டல் செய்ததும் வாபஸ்.

19 பெப்ரவரி 2023

நேற்று முதல் தடவையாக மலைக்குப் போனோம், நாலு பேர், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்து மலை, மேனேஜர் தொரையிடம் கேட்டுத்தான். இரவில் குளிர் எலும்பைத் தொட்டது.

சிரைக்கிற கூர் ஒரே கட்டையில் போனது. நாங்கள் சவுக்கு என்று சொல்கிற, தேயிலைக்கு நிழலுக்கு நட்ட கிரெவில்லியாக் கிளையில் காய்ந்த கணு ஒன்று, அதில் பட்டதும் வாய் அரிசி அளவுக்கு மடிந்தது. மெல்லிய வாய் சமையலறைக்கு நல்லது, கணுவுக்கு ஆகாது. வந்ததும் வாயோரத்தை மட்டும் மறுபடி கொஞ்சம் தடிப்பாக, இரண்டு பக்கமும் சேர்த்து 30 பாகை இருக்கிற மாதிரி ராவினேன். மலையில் உட்கார்ந்து இதை எழுதியிருந்தால் கெட்ட வார்த்தையும் இருந்திருக்கும்.

பிடியில் அழகாக நைலோன் கயிறு சுற்றியிருந்தேன். பனியில் ஊறி, பிடிக்கப் பிடிக்கச் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது, அங்கேயே அறுத்து எறிந்தேன். கயிற்றுக்குக் கீழே மரம் வெடித்தாலும் தெரியாது, அதுவும் ஒரு கெடுதி.

சரி, வேலை செய்தது எது? பிளப்பது. கோடாலியை ஓங்கி வீசவே வேண்டாம். வாயைக் கட்டையின் தலையில் வைத்து, மேலே இன்னொரு கட்டையால் தட்டினால் பிளந்துகொண்டு போகிறது, கால் பத்திரம். நாங்கள் டர்ப்பன்டைன் என்று சொல்கிற யூகலிப்டஸ் மரத்தின் விழுந்துகிடந்த கிளையைப் பிளந்து உள்மரத்தைச் சீவிக்கொண்டோம். அதன் உரிந்த பட்டையும் இலையும் எண்ணெய்ப் பசையால் ஈரத்திலும் பிடிக்கும், அதற்கு மேல் மிலாறு (கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி), அதற்கு மேல் பிளந்த கட்டை. பத்து நிமிடத்தில் பிளேன்டி, பால் விடாத தேநீர். கூடார முளைகளையெல்லாம் பின்பக்கச் சுத்தியலால் அடித்தோம். வெட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. அந்தப் பாரம் பின்னால் இருப்பதால்தான் தலை கையில் நேராக நிற்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஓட்டன் பிளேன்ஸுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 1988 முதல் அது தேசியப் பூங்கா, நக்கிள்ஸோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்த்து 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் வந்தது. அங்கே மரத்தில் கை வைப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். கோடாலியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

12 மார்ச் 2023

பிடி போய்விட்டது.

நான் கடைக்குப் போயிருந்தபோது பக்கத்து லயத்துப் பையன்கள் மூன்று பேர் பலாக்கட்டையில் எறிந்து விளையாடியிருக்கிறார்கள். எறிவதற்கென்றே இதை வாங்குகிறவர்கள் உண்டு, அதனால் பையன்கள் மேல் தப்பு சொல்ல முடியவில்லை. வாய் படாமல் பிடி பட்டிருக்கிறது. எங்கே வெடித்தது தெரியுமா? அந்த ஸ்குரூ குழியில். குழியிலிருந்து புறப்பட்ட வெடிப்பு ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. ஜனவரியில் 'பரவாயில்லை' என்று எழுதினேனே, அது.

ஆக, உங்களுடையதில் அந்தக் குழி ஆழமாக இருந்தால் எறிவதற்குக் கொடுக்காதீர்கள்.

13 மார்ச் 2023

ஹிக்கரி இங்கே கிடைக்காது. கேட்டு எழுதினவர்களுக்கு நன்றி, கனடாவிலிருந்து பிடி மட்டும் வரவழைக்கிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

9 ஏப்ரல் 2023

கோடாலிக் காம்பே குலத்துக்கு ஈனம் என்பார்கள். எந்தக் குலத்தைக் காட்டிக்கொடுக்கலாம் என்று ஒரு மாதம் பார்த்தேன். டர்ப்பன்டைன் நேராக இருக்கிறது, ஆனால் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கிறது. சவுக்கு மொறுமொறு, நம்ப முடியாது. கோப்பி நல்ல கெட்டி, எங்கள் பக்கம் நீளமான துண்டு கிடைக்கவில்லை. பழைய தேயிலைத் தூர் இரும்பு மாதிரி, ஆனால் கோணல், ஒரு அடிக்கு மேல் நேராக வராது. கடைசியில் எல்லாரும் சொன்னதற்கே வந்தேன்: கொய்யா. மம்பட்டிக்கும் அதைத்தான் போடுகிறார்கள், நான்தான் சுற்றிவளைத்து வந்திருக்கிறேன்.

அப்பாதான் கிளையைத் தேர்ந்தார். நான் நேரான நடுப்பகுதியைக் காட்டினேன். அவர் கிளை பிரிகிற இடத்தைக் காட்டினார். பிரிகிற இடத்தில் மரம் தானாகவே தடிக்கிறது, நார் பின்னிக்கொண்டு இருக்கிறது, மேல்முனைக்கு வேண்டிய தடிப்பு அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. முப்பது வருசம் செடியின் கவைகளைப் பார்த்த கண்.

பச்சையாகப் போட்டால் காயும்போது சுருங்கி மறுபடி ஆடும். இரண்டு முனையிலும் மெழுகுதிரி உருக்கிப் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டிருக்கிறேன். மெழுகு இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடிக்கும்.

14 மே 2023

ஐந்து கிழமையில் பொறுமை போய் எடுத்துச் செதுக்கிவிட்டேன். அப்பா வேண்டாம் என்றார்.

எண்ணெய் பற்றி: தேங்காயெண்ணெய் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அது 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய், எங்கள் வீட்டில் காலையில் போத்தலைத் தணலுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் தலைக்கே ஊற்ற முடியும். மரத்தின் மேல் அது காய்வதும் இல்லை, பிசுபிசு என்று நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகுகிற சாதி. மெல்லியதாகப் பூசித் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, ஐந்து தடவை. பச்சை எண்ணெய் காயக் கிழமைக் கணக்கில் எடுக்கும், பெயின்ட் கடையில் 'பொயில்ட்' என்று கேட்டு வாங்குங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு விடும், சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு அறை பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

இரும்புக்குத் தேங்காயெண்ணெய் பரவாயில்லை. அங்கே இறுக வேண்டாமே.

25 ஜூன் 2023

மழை தொடங்கி மூன்று கிழமை. இரண்டு செய்தி, இரண்டும் கெட்டது.

ஒன்று, உறை. டவுனில் செருப்புத் தைக்கிறவரிடம் நல்ல தடித்த தோலில் உறை தைத்து வாங்கியிருந்தேன், பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நனைந்த கோடாலியை அதில் செருகிப் பத்து நாள் மறந்தேன். எடுத்தபோது வாயில் ஆரஞ்சுத் தூள், தோலில் பச்சைப் பூஞ்சணம். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்புக்கு ஊட்டியிருக்கிறது. இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸ் துண்டை நீளத்துக்குக் கீறி வாயில் மாட்டி, சைக்கிள் டியூப் வாரால் கட்டிவைக்கிறேன். யாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை.

இரண்டு, பிடி. கொய்யா முழுதாகக் காயாமல் இருந்ததால் மே மாதத்தில் சுருங்கி ஆடியது, கரி பூசி மறுபடி உட்காரவைத்தேன். இப்போது மழையில் ஊதி, தலை கழலவே மாட்டேன் என்கிறது. 'கல்லில் தட்டினால் இறங்கிவிடும்' என்று ஜனவரியில் எழுதினவன் இன்று அரை மணி நேரம் தட்டினான். அப்பா நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே பிளேன்டி குடித்தார், 'மூன்று மாதம் கிடந்திருக்கணும்' என்றார், அவ்வளவுதான்.

13 ஆகஸ்ட் 2023

முதல் கேள்விக்கு வருவோம், பண்டாரவளைத் தம்பி போன கிழமை மறுபடி கேட்டிருக்கிறார், கடைசியில் வீணா இல்லையா என்று. கணக்குப் பார்த்தேன். பெயின்ட் எடுத்தது, சாயம் ஏற்றினது, கயிறு, தோல் உறை எல்லாம் பொழுதுபோக்கு. ஸ்குரூவை எடுத்துப் பிடியை உட்காரவைத்ததும் வாயை ராவினதும் மட்டும் வேலைக்கு ஆனது. அந்த இரண்டுக்கும் ஒரு நாள், ஒரு அரம், ஒரு கண்ணாடித் துண்டு போதும். சாயக் கறுப்பு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, அது நன்றாக இருக்கிறது.

நேற்று மறுபடி மலைக்குக் கிளம்பினோம். கோடாலியைத் தேடினால் வழக்கமான இடத்தில் இல்லை. பின்பக்கம் விறகு பிளக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா. கையில் கனடாக் கோடாலி, ஆனால் பிடி வேறு, ஒரு அடிதான், நல்ல முற்றின தேயிலைத் தூர், கொஞ்சம் கோணல். குந்தியிருந்து ஒரு கையால் பிளக்க அந்தக் கோணல் சரியாக இருக்கிறதாம். தலையை எப்படிக் கழற்றினீர்கள் என்று கேட்டேன். அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்தேன், தானாக விட்டது என்றார்.

'எனக்கு இப்போ வேணுமே அப்பா.'

'உன் பிடி பரண்ல இருக்கு, இன்னும் காயட்டும்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூக்கில் நான் உடைத்த பல் தெரியவில்லை, எப்போதோ தீட்டித் தீட்டிக் கரைத்திருக்கிறார். 'இதால எதையும் பிளக்காதே' என்றார்.

பிளக்கவில்லை. மிலாறு மட்டும் வைத்துத் தீ மூட்டினோம், ஒன்பது மணிக்கே அணைந்துவிட்டது.